கஞ்சியும் கரண்டியும்

சென்ற ஆடித் திங்களில், தாய்மார்க்குக் குழந்தை உணவு விஷயமாய்ச் சில நன்மொழிகள் கூறும் பொருட்டு, சேலையூரை அடுத்ததோர் அங்கன்வாடிக்கு நாங்கள் ஐவர் சென்றிருந்தோம். பாலும் முட்டையும் பழமும் வண்ணத்தில் தீட்டிய படங்கள் கையில் இருந்தன. புரதம், இரும்புச்சத்து, உயிர்ச்சத்து என்று அரைமணி நேரம் பிரசங்கித்தோம். தாய்மார் பொறுமையோடு கேட்டிருந்தனர். அப்பொறுமையை எங்கள் சொல்வன்மைக்குக் கிடைத்த பரிசென்றே எண்ணிக்கொண்டோம்.

பின்னர்க் குழந்தைகளுக்கு எடை பார்க்கலாயினர். பத்து மாதக் குழவி ஒன்றின் அட்டையில் கோடு இரு மாதங்களாய் ஏறாது நின்றது. வறுமையே காரணமென்று நாங்கள் கணத்தில் தீர்மானித்துவிட்டோம். அங்கன்வாடி அம்மையாரோ, "பகலில் பிள்ளைக்கு யாரம்மா ஊட்டுகிறது?" என்று மட்டும் வினவினார்.

தாய் விடியலிலேயே வேலைக்குச் செல்பவள், ஊட்டுபவர் பாட்டி. வீட்டில் கேழ்வரகுக் கஞ்சி நாள்தோறும் காய்ச்சப்படுகிறது. ஆனால் புட்டியின் துவாரத்தில் இறங்கவேண்டி அதனை நீர்போற் கரைத்துவிடுகின்றனர். கெட்டியாய்க் கொடுத்தால் மாந்தம் வரும் என்பது பாட்டியின் அச்சம். சிறு வயிறு நீரால் நிறைந்தது, உடம்போ வளரவில்லை.

அம்மையார் மறுநாளே அவ்வீட்டிற்குச் சென்றார். நாங்களும் உடன் சென்றோம். புட்டியை விலக்கச் சொல்லி, கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதத்தில் பாட்டியைக்கொண்டே கஞ்சி காய்ச்சுவித்து, சிறிது எண்ணெயும் விடச் செய்தார். தாய் வீட்டிலிருக்கும் வேளைகளில் தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்றும் கூறினார். படம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இம்முறை புதிதன்று. 1980-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இவ்வழியே நடந்தது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தளர்ந்தவர்க்கு மட்டும் 90 நாட்களேனும் துணையுணவு அளித்தனர். அவ்வெடையைக் காட்டியே தாய்மார்க்குப் பாடமும் சொன்னார்கள். இதனை நூலகத்தில் நாங்கள் முன்னரே படித்திருந்தோம். படித்திருந்தும் படங்களையன்றோ சுமந்து சென்றோம்!

அடுத்த திங்கள் சென்றபோது குழந்தையின் எடை 300 கிராம் கூடியிருந்தது. அட்டையைக் கையில் வைத்திருந்த பாட்டி எங்களைக் கண்டதும், "ஏன் தம்பி, இம்முறை படம் கொண்டுவரவில்லையா?" என்று கேட்டார்.