திரும்புதல்

பயிலரங்கு ஒன்றில் அறிமுகமான பிலிப்பீனிய ஆசிரியை, சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து அடுத்த மாதம் மணிலாவுக்குக் குடிபெயர்கிறார். கப்பலில் அனுப்பும் ‘பாலிக்பாயான்’ பெட்டிகளில் பொருள்களை அடுக்குவதாக நேற்றுத் தொலைபேசியில் கூறினார். தகாலோக் மொழியில் ‘பாலிக்’ என்றால் திரும்புதல், மலாயிலும் அப்படியே. ‘பாயான்’ என்பது தாய்நாடு.

“எனக்குத்தான் இது திரும்புதல், இங்கேயே பிறந்த மகளுக்குப் புறப்பாடு. சீனம் சரளமாகப் பேசுவாள். பாட்டியிடம் பேசத் தகாலோக் தெரியாது. வேலைக் களைப்பில் நான் கற்றுத்தரவில்லை” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

இப்போது தாயும் மகளும் பெட்டிகளின்மேல் தகாலோக்கில் பெயர் எழுதுகிறார்களாம். மகள் எழுதிய முதற்சொல் ‘லோலா’. பாட்டி என்று பொருள்.

நான் மௌனமானேன். தமிழாசிரியை என் வீட்டிலும் பேரன் பாட்டியிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறான். பெற்றோர்களே, குடிபெயரும் நாள்வரை நாமும் காத்திருக்க வேண்டுமா?