நச்சுயிரியின் சிலேடை

தமிழாசிரியனாய் நாற்பதாண்டு கழித்தவனுக்கு உயிரியல் எதற்கு என நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆயினும் அண்மையில் படித்த செய்தியொன்று என் உறக்கத்தைக் கெடுத்தது.

'வேங்கை' என்னும் சொல்லைச் சேர்த்துப் படித்தால் புலி. பிரித்துப் படித்தால் வேகின்ற கை. வைரஸ் என வழங்கும் நச்சுயிரிகளுள் ஃபை எக்ஸ் 174 என்பது இத்தகைய சிலேடையாலேயே வாழ்கிறது. ஈ. கோலி பாக்டீரியாவைத் தாக்கும் அதன் மரபுத்தொடரில் 5,386 எழுத்துகளே உள்ளன. 1977இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கர் குழுவினர் அதைப் படித்தபோது, ஒரு மரபணுவுக்குள்ளேயே மற்றொன்று, ஓரெழுத்துத் தள்ளிப் படித்தால் புலப்படுமாறு அடங்கியிருக்கக் கண்டனர். ஓரெழுத்து மாறினால் இரு பொருளும் கெடக்கூடும். காளமேகப் புலவரும் தயங்கும் வேலையன்றோ!

அவ்வேலையைக் கணினி செய்துவிட்டது. அமெரிக்காவில் ஆர்க் ஆய்வுக்கழகத்தாரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் ஆக்கிய 'ஈவோ' என்னும் மொழி மாதிரி, மனிதர் எழுதிய நூல்களைக் கற்றதன்று. உயிர்களின் மரபெழுத்துகளைக் கற்று, அடுத்து வரும் எழுத்தை ஊகிக்கப் பழகியது. அது இயற்றிய ஏறத்தாழ 300 தொடர்களைச் செய்து சோதித்ததாகவும், அவற்றுள் 16 உயிர்ப்புடன் பாக்டீரியாவை அழித்ததாகவும் 2025 செப்டம்பரில் அறிவித்தனர். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை ஒடுக்க இவ்வழி உதவலாம். பொருளறியாமல் யாப்பமைத்த புலவனுக்குப் பதினாறு பாடல் தேறியது வியப்பே.

என் உறக்கத்தைக் கெடுத்தது அதுவன்று. மனிதரையும் விலங்குகளையும் தாக்கும் நச்சுயிரிகளின் ஏடுகளை அம்மாதிரியின் பாடத்திலிருந்து ஆக்கியோரே நீக்கிவைத்தனராம்.

1999இல் நான் நெகிரி செம்பிலானில் பணியாற்றினேன். பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதிக் கொசுவுக்குப் புகையடித்தனர். பிறகே புதிய நச்சுயிரி எனத் தெரிந்தது. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயரிட்டனர். நாட்டில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்ணையில் கூலிவேலை செய்த என் மாணவனொருவனின் தந்தையும் அவர்களுள் ஒருவர். இரண்டு வாரம் கழித்து வந்த அவன், வருகைப் பதிவில் பெயர் அழைத்தபோது மறுமொழி சொல்லவில்லை. நானும் மீண்டும் அழைக்கவில்லை. நிப்பாவின் மரபெழுத்துகள் 18,000க்குச் சற்றே மேல். அவன் கட்டுரை ஏட்டுக்குள் அடங்கிவிடும்.

நீக்கிய ஏடுகளை வேறொருவர் சேர்த்துவிட முடியாதா என்று கணினி பயிலும் பேரனிடம் கேட்டேன்.

"முடியும் தாத்தா. அவை பொதுவில்தானே கிடக்கின்றன," என்றான்.