புளியங்கொட்டைக் கணக்கு

மார்கழி 2
கோயில் மைக்செட் பாடத் தொடங்கியதும் எழுந்து கோரைப்பாயை விரித்தேன். மூன்று வருடப் பழக்கம். பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். ஒன்று முடிந்தால் ஒரு புளியங்கொட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். எட்டாவதில், பொங்கலுக்கு வந்த ரவிக்கைத் துணிகளில் எதற்கெல்லாம் லைனிங் வாங்கவில்லை என்ற யோசனை. பன்னிரண்டாவது கொட்டையை எப்போது நகர்த்தினேன் என்றே தெரியவில்லை. உடம்பு பாயில், நான் தையல் மிஷினில்.

மார்கழி 6
பாயை விரிக்கவில்லை. தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த அரைமணி நேரமும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி 7
யோகா சொல்லித்தரும் மாஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். "பன்னிரண்டு எதுக்கும்மா? ஆறு போதும். ஆனா மூச்சு முன்னாடி போகணும், கை பின்னாடி வரணும்" என்றார்.

சென்னையில் நூறு வயது கண்டு 1989-இல் மறைந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் காட்டிய வழியாம் இது. மூச்சு தொடங்கிய பிறகுதான் அசைவு தொடங்கும். அசைவு நின்ற பிறகுதான் மூச்சு முடியும். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம் என்ற நிலையத்தில் ஆளுக்குத் தகுந்தபடிதான் பயிற்சியாம். ஒரே அளவில் ஊருக்கெல்லாம் சட்டை தைக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

மார்கழி 12
கணக்கை மாற்றிவிட்டேன். மனசு ஓடிப்போனதைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஒரு கொட்டை. இன்று ஆறு நமஸ்காரத்துக்கு நாலே கொட்டை. தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

மார்கழி 17
பதினேழு கொட்டை! நாள் முழுக்க எரிச்சல். சாயங்காலம் பட்டி பிடிக்கும்போதுதான் உறைத்தது. மிஷினில் கவனம் நழுவினால் ஊசி விரலில் ஏறிவிடும். அந்தப் பயத்திலேயே கண் அங்கே நிற்கிறது. பாயில் ஊசி கிடையாது. எங்கே போனாலும் கேட்க ஆளில்லை. அன்றைக்கு நாலு தடவைதான் ஓடினேன் என்றில்லை, நாலு தடவைதான் பிடிபட்டேன்.

மார்கழி 22
மேலூர் பஸ் ஏறி, கருங்காலக்குடியில் இறங்கிப் பஞ்சபாண்டவர் மலைக்கு மகளோடு போனேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து. அதன் அருகே சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓர் ஆள் படுக்கும் இடத்துக்கு எத்தனை உளிக்கொத்து!

நெடுநாள், இடைவிடாமல், சிரத்தையோடு: பயிற்சி வேரூன்ற யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் நிபந்தனை மூன்று என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். முதலாவது என்னிடம் இருந்தது. இரண்டாவது அவ்வப்போது அறுந்தது. மூன்றாவதைக் கேட்டதோடு சரி.

போகி
வீடு கழுவும்போது மகள் கொட்டைகளைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டாள். "ஏம்மா, அது வேணுமா?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தேன். கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிக்கும்போது இரவு பதினொன்று.

தை 3
ஆறு நமஸ்காரம். நாலாவதில் மனசு, இன்னும் வராத கூலிப்பாக்கியில் போய் நின்றது. கை தானாக இடப்பக்கம் நீண்டு, வெறும் தரையைத் தொட்டது. மூச்சை இழுத்தேன். பிறகுதான் கையைத் தூக்கினேன்.