ஏறுற வண்டிக்கு வழி விடுங்க பாஸ்!

ஏற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி... அப்புறம், கிளாஸை கட் அடிச்சிட்டுப் போன கதை. சரிதானே?

'ஏழைகளின் ஊட்டி'ங்கிற பட்டமெல்லாம் டூரிஸ்ட்டுகளுக்கு. சேலத்துல இன்ஜினீயரிங் படிக்கிற எங்க செட்டுக்கு அது காலேஜ் கேன்டீன் மாதிரி. பெட்ரோலுக்குக் காசு தேறினா போதும், ஒரு மணி நேரத்துல மேல இருப்போம். இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை. ஆனா ஒரு தடவைகூட அங்கே நடந்ததில்லை. போன மாசம்தான் முதல்முறையா நடந்தேன். ஏன்னு சொல்றேன், வாங்க.

அடிவாரத்துல இருந்து ஆரம்பிப்போம். சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரம் வரை போகணும். அடிவாரம் டீக்கடையில ஒரு பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, எதிர்ல வண்டி வந்தா வளைவுல யாரு நிக்கணும்?"

"இதென்ன கேள்வி தம்பி? இறங்கறவன் நிக்கணும். ஏறுறவன் போகணும். ஏறுற வண்டி நின்னுச்சுன்னா மறுபடி எடுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கிளட்ச் கருகும், வண்டி பின்னால வரும். இறங்கறவனுக்கு என்ன, நின்னா நின்னான்."

அவர் சொன்னது வெறும் அனுபவ மொழி இல்லை. 1989-ம் வருஷத்து சாலை விதிகளிலேயே இது இருந்தது. மலைச் சாலையில் இரண்டு வண்டிகள் தாராளமாக விலகிப் போக இடம் இல்லையென்றால், இறங்கும் வண்டி ஓரமாக நின்று, ஏறும் வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும். சிரமப்படுகிறவனுக்கு முன்னுரிமை... அவ்வளவுதான் லாஜிக்!

அண்ணன் இன்னொரு பாடமும் எடுத்தார். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுதோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கையே நம்பி இறங்கினா அது சூடாகி, கடைசியில பிடிக்காமப் போயிடும். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. 2024 ஏப்ரல் 30-ம் தேதி சாயங்காலம், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு தனியார் பஸ் 13-வது வளைவில் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போனதை இந்த ரோட்டுல யாரும் இன்னும் மறக்கலை.

சரி, மேல போயாச்சு. இப்போ என் கதை.

மலை உச்சியில ஏற்காட்டைச் சுத்தி ஒரு லூப் ரோடு போகுது. ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், அதுல சுத்திப் படர்ந்த மிளகுக் கொடி. பைக் ஓட்ட சொர்க்கம்! அன்னிக்கு லேசா பனிமூட்டம். பின்னால ஃப்ரெண்டு. வளைவு திரும்பினா... நடு ரோட்டுக்குக் கொஞ்சம் ஓரமா, தலையில சும்மாடு வெச்சு விறகுக் கட்டு சுமந்துகிட்டு ஒரு பாட்டி.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பிரேக்கை அப்புறம்தான் பிடிச்சேன். முதல்ல ஹாரன் அடிச்சேன்.

பாட்டி பதறி சாக்கடைப் பள்ளத்துல காலை வெச்சாங்க. விறகுக் கட்டு சரிஞ்சு விழுந்துச்சு. வண்டி அவங்களைத் தாண்டி நாலு அடி போய்த்தான் நின்னுச்சு. அடி எதுவும் படலை. திரும்பிப் பார்த்தேன். அவங்க என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். குனிஞ்சு விறகைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. நான் இறங்கி உதவி பண்ணியிருக்கணும். பண்ணலை. "ஓரமா போகக் கூடாதா ஆயா?"ன்னு ஒரு டயலாக் விட்டுட்டுக் கிளம்பிட்டேன். ஃப்ரெண்டுகூட சிரிச்சான்.

ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரலை. 'ஏறுற வண்டிக்கு வழி விடு'ன்னு காலையில டீக்கடையில தலையை ஆட்டிக் கேட்டவன்தானே நான்? தலைச்சுமையோட மேட்டுல ஏறிட்டிருந்தவங்க யாரு? கீழ்நோக்கி இறங்கிட்டிருந்தவன் யாரு?

அடுத்த ஞாயித்துக்கிழமை பைக்கை ஹாஸ்டல்லயே விட்டுட்டு பஸ் ஏறினேன். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கி நடக்க ஆரம்பிச்சேன். பத்தே நிமிஷத்துல ஒரு விஷயம் புரிஞ்சிடுச்சு. பைக்ல போகும்போது நான் பார்த்தது வேற ஏற்காடு!

அண்ணா பூங்கா பக்கம் ரோட்டைக் கடக்க ஒரு குடும்பம் நிக்குது. அப்பா, அம்மா, கைக்குழந்தை. கார் மேல கார். யாரும் நிக்கலை. மே மாசக் கோடை விழா நேரத்துல கூட்டம் தாங்காம, மேல ஏற ஒரு வழி, இறங்க குப்பனூர் வழின்னு போலீஸ்காரங்க பிரிச்சு விடுறாங்க. வண்டிக்கு இவ்வளவு ஏற்பாடு. நடக்கிறவங்களுக்கு? அந்த அப்பா கடைசியில கையை நீட்டிக்கிட்டே ஓடினார்.

லூப் ரோட்டுல இன்னும் மோசம். நடைபாதைன்னு தனியா ஒண்ணு கிடையாது. தார் முடியிற இடத்துல புல்லு, அதுக்கு அப்புறம் பள்ளம். ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு தானா ஒதுங்குது. ஒரு மணி நேரத்துல முப்பது தடவையாவது ஒதுங்கியிருப்பேன். சினிமா வில்லன் மாதிரி வந்த ஒரு கார், கொஞ்சம் தள்ளிப் போய் பளிச்சுன்னு நின்னுச்சு. எனக்காகத்தான்னு நினைச்சேன். இல்லை பாஸ், ஒரு குரங்குக் குடும்பம் ரோட்டைக் கடக்குது! ஜன்னலை இறக்கி சிப்ஸ் போட்டு, செல்ஃபியும் எடுத்துக்கிட்டாங்க. குரங்குக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக் கிடைக்கலையேன்னு சிரிப்பும் வந்தது, கடுப்பும் வந்தது.

இங்கே கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசிக்கலாமா? பயப்படாதீங்க, அரியர் வைக்காத அளவுக்குத்தான்!

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஆபத்தைக் கண் பார்த்து, பிரேக்கைப் பிடிக்க சுமார் ஒரு நொடி. காய்ந்த சமதளச் சாலையில் அதன்பிறகு நிற்க இன்னொரு 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர். வேகம் 60 ஆனால்? யோசிக்கிற நொடியிலேயே 17 மீட்டர் போய்விடும். நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 37. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலு மடங்கு. ஈரச் சாலையும் இறக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும். பனியில் 15 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், எந்த வேகத்தில் போகலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்னிக்கு அந்தக் கணக்கை நான் போடலை.

நடக்கிற நீங்களும் ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். நடைபாதை இல்லாத ரோட்டுல வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி நடங்க. கொண்டை ஊசி வளைவோட உள்பக்கம் மட்டும் நிக்கவே நிக்காதீங்க. பஸ் திரும்பும்போது அதோட பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துல வராது, இன்னும் உள்ளே ஒட்டி வரும். டிரைவருக்கு அங்கே நீங்க நிக்கிறது தெரியாமலே போகலாம்.

'மலையிலதான் இப்படி'ன்னு நினைச்சுடாதீங்க. சேலம் ஐந்து ரோட்டுல, 2020-ல் திறந்த ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் ரோட்டைக் கடந்து பாருங்க, தெரியும். 2022-ல் இந்தியா முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் சும்மா நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தர்!

சட்டம் இல்லையான்னு கேட்கிறீங்களா? இருக்கு. சிக்னல் இல்லாத ஸீப்ரா கிராசிங்கில் வண்டி வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ம் வருஷத்து ஓட்டுநர் விதிகள் சொல்கின்றன. நம்ம கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அதே வழக்கில்தான் 2025 மே மாதம், நல்ல நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற எங்க சீனியர் ஒரு கதை சொன்னார். "டேய், முதல் நாள் ஸீப்ரா கிராசிங்ல நான் காருக்காக நிக்கறேன். கார் எனக்காக நிக்குது. ரெண்டு பேரும் அப்படியே நிக்கறோம்!" அங்கே நடக்கிறவருக்கும் கண்டிப்பு உண்டு. 50 மீட்டருக்குள் கிராசிங் இருக்கும்போது வேற இடத்துல குறுக்கே போனா அபராதம். பிரிட்டன்ல 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தி எழுதினார்கள். யாரால் அதிக சேதம் விளைவிக்க முடியுமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. படிச்சதும் எனக்கு அடிவாரம் டீக்கடை அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவங்க 2022-ல் எழுதினதை நம்மாளு டீ கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு வரியில சொல்லிட்டாரே!

அந்தப் பாட்டியைப் பார்த்தேனான்னுதானே கேட்கிறீங்க? அதே வளைவுக்குப் போனேன். தூரத்துல விறகுக் கட்டோட ஒருத்தங்க வந்தாங்க. அவங்கதானான்னு எனக்கு நிச்சயமா தெரியலை. இருந்தாலும் கிட்டப் போய், "ஆயா, போன வாரம் இங்கே பைக்ல வந்து..."ன்னு இழுத்தேன்.

அவங்க சுமையை இறக்காமலே நின்னு கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "தெனமும் எத்தனையோ வண்டி வருது கண்ணு. எது உன் வண்டின்னு எனக்கு எங்க தெரியும்? நாங்க ஒதுங்கிக்கறவங்கதான். நீ பார்த்துப் போ."

மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் அந்த விறகுக் கட்டை நான் வாங்கிச் சுமந்தேன். சத்தியமா சொல்றேன், ஐந்நூறு அடி தாண்டலை, கழுத்து விட்டுப் போச்சு. அப்போ பின்னால ஹாரன் சத்தம். சுமையோட சட்டுனு ஒதுங்க முடியலை பாஸ். நின்னு பார்த்தாத்தான் தெரியுது.

அடுத்த தடவை ஏற்காடு போறீங்களா? ஒரே ஒரு மணி நேரம் வண்டியை ஏரிக்கரையில நிறுத்திட்டு நடங்க. அப்புறம் வண்டியை எடுக்கும்போது, எதிர்ல நடந்து வர்றது யாரா இருந்தாலும் அவங்கதான் ஏறுற வண்டின்னு நினைச்சுக்குங்க. கையை ஹாரன்ல இருந்து எடுத்துட்டு, பிரேக்ல வைங்க!