கரோல்பாக்கில் ஒரு கீழ்வீடு

டில்லிக்கு வரும் உறவினரைச் செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் அழைத்துச் சென்று காட்டாத டில்லித் தமிழர் இருக்கமாட்டார். நானும் பலரை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால், தாங்கள் வந்து தங்கிய சந்தைப் பற்றியும், அங்கே ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளைப் பற்றியும் அவர்களில் ஒருவரேனும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிறிய வீட்டைப் பழுதுபார்க்க நேர்ந்தபோதுதான், பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றியே நான் ஒன்றும் அறியாதவன் என்பது விளங்கிற்று. அப்போது அறிந்துகொண்டவை, இத்தகைய பழைய வீடுகளில் குழந்தை குட்டிகளோடு குடித்தனம் செய்யும் சங்க அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பேட்டையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்ற செய்தி 1911-ஆம் ஆண்டு தர்பாரில் வெளியாயிற்று. புது நகரம் எழும்பவேண்டிய நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. அங்கே முன்பே ஊர்கள் இருந்தன. 1920-களில் கன்னாட் பிளேஸ் கட்டுவதற்காக மாதோகஞ்ச், ஜயசிங்கபுரா, ராஜா கா பஜார் ஆகிய ஊர்களைக் காலி செய்து, அங்கிருந்த மக்களை மேற்கே பாறையும் புதருமாகக் கிடந்த நிலத்தில் குடியேற்றினார்கள். அதுவே கரோல்பாக். பிறகு 1947-இல் பிரிவினை வந்தது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 9 லட்சமாக இருந்த டில்லியின் ஜனத்தொகை, 1951-ஆம் ஆண்டுக் கணக்கில் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேற்குப் பஞ்சாபில் வீடு வாசல்களை விட்டு வந்தவர்களில் பலர் இந்தச் சந்துகளிலும் இடம் தேடிக்கொண்டார்கள். சர்க்கார் உத்தியோகத்தை நம்பி ரெயிலேறிய தமிழ்க் குடும்பங்களும் இங்கே வந்து சேர்ந்தன. ஆகவே, இந்தப் பேட்டை ஏறக்குறைய எல்லாருக்குமே வந்து சேர்ந்த ஊர்தான்.

எங்கள் வீடு அந்த வரிசை வீடுகளுள் ஒன்று. அதன் கீழ்த்தளத்தை என் தந்தையார் 1978-இல் வாங்கினார். முகப்பு 15 அடி. ஆழம் 45 அடி. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொது. எனவே, வெளிச்சம் வருவதென்றால் முன்பக்கச் சந்திலிருந்தோ பின்பக்கச் சந்திலிருந்தோதான் வரவேண்டும். நடுவில் இருக்கும் அறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிந்தாக வேண்டும்.

கும்பகோணத்துப் பக்கம் அக்கிரகார வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. அங்கும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவையே. முகப்புக் குறுகி, ஆழம் நீண்டு, திண்ணை, ரேழி, கூடம், கொல்லை என்று ஒரே கோட்டில் செல்பவையே. ஆயினும் அந்தக் கூடம் இருட்டாக இருப்பதில்லை. நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம் இருக்கிறது. எங்கள் வீட்டில் முற்றம் இல்லை என்றுதான் முப்பது வருஷமாக நான் எண்ணியிருந்தேன்.

என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. நடு அறைக்குள் தனியே போகமாட்டாள். வாசற்படியில் நின்றுகொண்டு, "அப்பா, லைட்டு" என்பாள். குளிர்காலம் முழுவதும் அவளுக்கு இருமல். சுவர்களில் முழங்காலுக்கு மேல்வரை ஓதம். என் மனைவி ஒரு நாள், "இந்த வீட்டை விற்றுவிட்டு, யமுனைக்கு அப்பால் எங்காவது வெளிச்சமாக இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்" என்றாள். என் தாயாரோ, "என்னை அனுப்பிவிட்டு அப்புறம் விற்றுக்கொள்ளுங்கள்" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், பத்து வருஷச் சேமிப்பையும் மனைவியின் இரண்டு வளையல்களையும் கொண்டு ஒரு முறை பழுதுபார்ப்பது, அதன் பின்னும் இருள் தீராவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

முதலில் வந்த கான்டிராக்டர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நடுச் சுவரை எடுத்துவிட்டால் பெரிய ஹால் கிடைக்கும், வெளிச்சமும் உள்ளே ஓடும்" என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நல்ல வேளையாக, தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பழைய டில்லி வீடுகள் பலவற்றில் உள்ளபடி, இரும்பு உத்திரங்களை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் சிவப்புக் கற்பலகைகளைப் பரப்பிய கூரை அது. தண்டவாளத்தோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த இரும்பு தினமும் பார்க்கும் உறவினர் போலத்தான். உத்திரங்களின் ஒரு முனை அந்த நடுச் சுவரில்தான் ஊன்றியிருந்தது. சுவரை எடுத்தால் மேல்வீட்டுக் குடும்பமே எங்கள் தலைமேல் வந்துவிடும்.

டில்லி நிலநடுக்க ஆபத்து மிகுந்த ஊர் என்பதையும் அவர் நினைவூட்டினார். எங்கள் வீட்டருகே செல்லும் பூசா ரோட்டின் பெயரிலேயே ஒரு நிலநடுக்கத்தின் ஞாபகம் இருக்கிறது. பீகாரில் பூசா என்னும் ஊரிலிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்துபோகவே, 1936-இல் அதை டில்லிக்குக் கொண்டுவந்தார்கள். ஊரை விட்டு வந்தும் பெயரை விடவில்லை. அந்தச் சாலையில் எத்தனையோ ஆண்டுகள் நடந்திருக்கிறேன்; இதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

"ஒன்றையும் புதிதாகக் கட்டாதீர்கள், பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்" என்பது அவருடைய யோசனை. அப்படியே செய்தோம். முதலில், அழகுக்காக நாங்களே போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தோம். அதற்குமேல், கதவுகளின் தலைக்கு நேரே, கைக்குட்டை அளவில் நான்கு சிறு ஜன்னல்கள் அட்டையால் மூடிக் கிடந்தன. வடநாட்டார் இவற்றை 'ரோஷன்தான்' என்பார்கள். ஒளியை ஏந்தும் கலம் என்பது பொருள். வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறவும், வெளிச்சம் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லவும் வைத்தவை. இரண்டாவதாக, ஓதத்தை மறைப்பதற்காகச் சுவரின் அடிப்பாகத்தில் பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். பூமியிலிருந்து செங்கல்லில் ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதன் வழியே காற்றில் ஆறிவிடும். சிமெண்டு அதற்கு வழி விடுவதில்லை. ஆகவே ஈரம் இன்னும் உயரே ஏறிச் சுவரில் உப்பாகப் பூக்கிறது. ஓதத்திற்கு மருந்தென்று பூசியதே ஓதத்தை வளர்த்திருக்கிறது. மே, ஜூன் மாத அனற்காற்றில் சுவர்களை நன்றாக உலரவிட்டு, மழை வருமுன் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்து பூசினோம்.

மூன்றாவதாகத்தான் அந்த நடு அறையின் கூரைக்கு வந்தோம். மூலையில் வடக்குத் தெற்காக 8 அடி, கிழக்கு மேற்காக 6 அடி அளவுக்குக் கற்பலகை இல்லை. இரும்புக் கம்பிகள் நெருக்கமாக ஓடின. அவற்றின்மேல் சிமெண்டுத் தகடு ஒன்று மூடியிருந்தது. கொத்தனார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, இது ஜால். இங்கே உங்கள் முற்றம் இருந்திருக்கிறது" என்றார்.

வரிசை வீடுகளில் கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் தர, மேல்தள முற்றத்தின் தரையில் ஆள் நடக்கக்கூடிய கம்பி வலை ஒன்றைப் பதிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கீழ்வீட்டாரின் வானம் மேல்வீட்டாரின் தரை வழியாக வரவேண்டும். அதைத்தான் யாரோ அடைத்திருக்கிறார்கள். யாரென்று கேட்பானேன்? மேல்வீட்டுப் பாட்டியம்மாளைத் தவிர வேறு யார்! ஐந்து வயதில் லாயல்பூரிலிருந்து வந்தவர். சந்து முழுவதும் அவரை 'பீஜி' என்றே அழைக்கும். எனக்கு மனம் கொதித்தது. மறுநாள் மாலை, கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு மாடி ஏறினேன்.

பீஜி என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மகனே, நீ பிறப்பதற்கு முன் உன் தகப்பனார் ஓர் அறை மிச்சமாகட்டும் என்று அடுப்பை அந்த முற்றத்துக்குக் கொண்டுவந்தார். கரிப்புகையும், உன் தாயார் மிளகாய் தாளிக்கும் நெடியும் நேரே என் வீட்டுக்குள் ஏறின. என் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டிற்று. இரண்டு முறை வந்து சொன்னேன். மூன்றாம் முறை தகட்டைப் போட்டு மூடினேன்" என்றார்.

நான் தலை குனிந்து இறங்கி வந்தேன். என் தாயாரிடம் கேட்டபோது, அவர் சிறிது நேரம் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உண்மைதான். போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உன் அப்பாவுக்கு ரோசம், எனக்குப் பாஷை தெரியாது" என்றார். என் பெண்ணின் இருமலுக்கு நாற்பது வருஷத்துக்கு முன் இன்னொரு குழந்தையின் இருமல் காரணம் என்று நான் எப்படி அறிவேன்?

அன்றிரவே ஓர் ஏற்பாட்டைத் தீர்மானித்தோம். சமையலைப் பின்பக்க அறைக்கு மாற்றி, புகையைப் பின்சந்துக்குத் தள்ளும் விசிறி ஒன்றைச் சுவரில் பொருத்தினோம். அது முடிந்த பிறகு என் தாயாரே கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி, பீஜியை அழைத்துவந்து, புது அடுப்பில் மிளகாய் தாளித்துக் காட்டினார். பீஜி முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்தி முகர்ந்து பார்த்தார். "தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால், தகட்டை எடுத்தும் நான் எதிர்பார்த்த வெளிச்சம் வரவில்லை. காரணத்தைச் சூரியனிடமே கேட்டேன். டிசம்பர் 22-ஆம் தேதி மொட்டைமாடியில் 3 அடிக் கோல் ஒன்றை நட்டேன். டில்லியில் சூரியன் உச்சிக்கு வருவது அன்று நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 12 மணி 20 நிமிடத்துக்கு. அப்போது கோலின் நிழல் 3 அடி 10 அங்குலம். அதாவது, நடுப்பகலிலும் சூரியன் 38 பாகை உயரத்துக்கு மேல் ஏறவில்லை. அதே நாளில் கும்பகோணத்தில் சுமார் 56 பாகை ஏறியிருக்கும். அங்கே 10 அடிச் சுவரின் நிழல் 7 அடியில் நின்றுவிடும். இங்கே 13 அடி நீளும். இரண்டு தளத்துச் சுவர்களுக்கு நடுவே 8 அடி முற்றத்தின் தரையில் குளிர்கால வெயில் விழவே முடியாது. ஜூன் மாதத்திலோ சூரியன் ஏறத்தாழ தலைக்கு நேரே வந்து, வேண்டாத வெயிலை உள்ளே கொட்டும். நம் ஊர் முற்றத்தை அப்படியே டில்லிக்குக் கொண்டுவர இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் ஒன்று கண்டேன். அந்தத் தாழ்ந்த வெயில் முற்றத்தின் வடக்குச் சுவரில், உச்சியிலிருந்து 6 அடி வரை பளிச்சென்று விழுகிறது. அந்தச் சுவர் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதற்கு வெள்ளையடித்தால் வெயில் அங்கே பட்டுக் கீழே இறங்குமல்லவா? ஆனால் அந்தச் சுவர் பீஜியுடையது. மீண்டும் மாடி ஏறினேன். இம்முறை கேள்விப் பட்டியல் ஏதும் இல்லை. சுண்ணாம்பு என் செலவு, ஏணி அவர் வீட்டினுடையது என்று பேசி, ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேரனும் நானும் சேர்ந்து வெள்ளையடித்தோம். மதியம் கீழே இறங்கி வந்தபோது, நடு அறையில் தினசரியைப் படிக்கும் அளவுக்கு ஒளி இருந்தது.

குறைகள் இல்லாமலில்லை. அக்டோபர் முதல் டில்லியைச் சூழும் புகைக்காகவும், மழைக்காகவும் மாடியில் தள்ளு கண்ணாடிச் சட்டம் ஒன்று போடவேண்டியதாயிற்று. அதை மூடித் திறப்பவன் பீஜியின் பேரன். குரங்குகளுக்காக அதன்மேல் கம்பி வலை. கோடையில் கித்தான் விரிப்பு. மாடியில் யாராவது வாளியைக் கவிழ்த்தால் எங்கள் தலை நனைகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவாயிற்று. வளையல்கள் இன்னும் மீளவில்லை.

ஆனால் வீட்டை விற்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும் முதலில் வெள்ளையடிப்பது எங்கள் சுவருக்கன்று, மேல்வீட்டுச் சுவருக்கே. என் பெண் இப்போது நடு அறையில்தான் விளையாடுகிறாள். விளக்குப் போடச் சொல்வதில்லை. ஜாலுக்குக் கீழே நின்றுகொண்டு, "பீஜி" என்று கூப்பிடுகிறாள். மேலிருந்து பதில் வருகிறது.