நான் போட்ட சுவிஸ் பிளான்!

பாஸ்போர்ட் கூட இல்லாத ஒருவன் சுவிட்சர்லாந்தைச் சுற்றிவர ஏழு நாள் திட்டம் போட்டால் சிரிப்பீர்கள்தானே? சிரியுங்கள். என் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது.

முதலில் சூரிச். அங்கிருந்து விண்டர்தூர். எல்லோரும் பனிமலைக்கு ஓடும்போது இவன் ஏன் இந்த ஊருக்கு என்பீர்கள். நம்ம ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் அங்கேதான் செய்யப்பட்டன! தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்பட்டையைச் சக்கரம் கவ்வி ஏறுகிறதே, அந்த முறையும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டதுதான்.

பிறகு லூசெர்ன். பக்கத்தில் 1889 முதல் ஓடும் பிலாட்டஸ் மலை ரயில். சரிவு 48 சதவீதம்! நம் நீலகிரியில் சுமார் 8தான். அடுத்து 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோஹ் ரயில் நிலையம். கடைசியாக, 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வாசலில் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர்.

"செலவு எவ்வளவு ஆகும் கண்ணு?" என்றார். முழித்தேன்.

"சரி, அந்தப் பல்லுச் சக்கரம் எப்படித்தான் ஏறுது? நான் ஒரு நாளும் அந்த ரயில்ல உக்காந்ததில்ல..."

நண்பர்களே, திட்டத்தைத் திருத்திவிட்டேன். முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர், இரண்டு டிக்கெட். கல்லாறு தாண்டிப் பல் கவ்வும் இடத்தை அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் சூரிச்... வேலை கிடைத்த பிறகு!