ஸ்கோர் புத்தகம் எட்டாத மைதானங்கள்

சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனிப் பையன்களை ஞாயிறு காலையில் பார்க்க வேண்டுமானால் திருப்பூரின் காலி மைதானங்களுக்குப் போக வேண்டும். ஸ்டம்பர் பந்து, ஓவருக்கு ஓவர் சத்தம், ஓரத்தில் நிறுத்திய பைக்குகள். நான் ரன்னை எண்ணுவதில்லை. பந்து போடுகிறவனின் உடம்பைப் பார்க்கிறேன்.

ஓவர்லாக் அடிக்கும் ஒரு பையன் ஓடி வருகிறான். வலதுகைக்காரன். இடதுகால் தரையில் ஊன்றும்போது முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்கிறது. ஓடி வந்த வேகம் அந்தக் காலில் தடுக்கப்பட்டு மேலே ஏறுகிறது: முதலில் இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசை கலைந்தால் பந்துக்கு வேகம் குறையும், முதுகுக்கு வலி சேரும். மட்டையாளனின் காலடியில் குத்தும் யார்க்கருக்குப் பந்தை விடும் கணம் இன்னும் நுட்பமானது. துளி முந்தினால் புல்டாஸ், துளி பிந்தினால் அடிக்க வாகான நீளம். 135 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு மட்டையாளனிடம் அரை நொடிகூட இல்லை. அவனும் பந்தை அல்ல, பந்து விடும் கையைத்தான் முதலில் படிக்கிறான்.

இப்படிப்பட்ட மைதானத்திலிருந்துதான் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் வந்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி; அப்பா தறித் தொழிலாளி. இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். தையல் இல்லாத அந்தப் பந்து காற்றில் பெரிதாக உதவாது. மட்டையாளனின் காலடியில் குத்துவதே தப்பிக்கும் வழி. 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதும் அவர் பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. பயிற்சியாளர்கள் உடனிருந்து திருத்த, 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திரும்பி வந்தார். மறு ஆண்டே ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

அவருடைய யார்க்கர்களை இன்று கணினி எண்ணுகிறது. சின்னப்பம்பட்டியில் எண்ண யாருமில்லை. ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷின் கண்தான் இருந்தது.

எண்ணின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பில் ஜேம்ஸ் என்பவர் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்தபடியே பேஸ்பால் கணக்குகளைத் தோண்டி, 1977 முதல் புத்தகமாக வெளியிட்டார். அந்தச் சிந்தனையின் வழியில் போன ஓக்லண்ட் அணி 2002-ல் குறைந்த பணத்தில் ஆள் பிடித்து, தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. ஆனால் அங்கே ஆட்டக் கணக்குகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. எழுதப்படாத இடத்தில் என்ன ஆகும்? 2008-ல் பேஸ்பாலுக்கு ஆள் தேடி இந்தியாவில் வேகமானி வைத்து நடத்திய தேர்வில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் கிடைத்தார்கள். டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் அவர்களின் உடலசைவைப் புதிதாகக் கட்டினார். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பேஸ்பால் அணி ஒப்பந்தம் போட்டது. ஆனால் மேஜர் லீக் வரை இருவரும் எட்டவில்லை. வேகம் என்ற ஒற்றை எண் ஆளைக் காட்டியது. ஆட்டத்தை அது தரவில்லை.

2025-ல் திருப்பூர் தமிழன்ஸ், திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி டிஎன்பிஎல் கோப்பையை வென்றது. ஊரே மகிழ்ந்தது. அணிக்கு ஊர்ப் பெயர் வந்துவிட்டது. ஊர்ப் பையன்களைத் தேடும் வேலை இனிமேல்தான்.

ஒரு பீஸ் தைக்க எத்தனை நொடி, ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று லைனில் கணக்கு வைக்கும் ஊர் இது. ஞாயிறு மைதானத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோக நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்து எங்கே குத்தியது, ஆறாவது ஓவரிலும் முன்கால் விறைப்பாக நின்றதா, கடைசி ஓவரில் எத்தனை யார்க்கர் சரியாக இறங்கின - இவ்வளவு எழுதினால் போதும். அதோடு உடலசைவு தெரிந்த ஒருவர் மாதம் ஒரு ஞாயிறாவது வந்து நிற்க வேண்டும். எழுதாத திறமையை எந்தக் கணினியும் தேடாது. பார்க்கத் தெரிந்தவர் வராவிட்டால் எழுதியதும் வெறும் தாள்தான்.